தேன்மொழி ஏன் வகுப்புக்கு வரவில்லை

1

ஹாலிஃபாக்ஸில் என் முதல் வகுப்பை முடிக்கும்போது, நம் ஊர்ப் பழக்கத்தில் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் ஒருவன் மிகுந்த மரியாதையோடு, "இல்லை, நாங்கள் உங்களை நம்புகிறோம்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. அங்கே 'டவுட்' என்றால் அவநம்பிக்கை. பாடத்தில் புரியாத இடத்தைக் 'கொஸ்டின்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். இதை ஒரு சக ஆசிரியை எனக்கு விளக்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அதுவரை ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், என்மேல் உங்களுக்கு அவநம்பிக்கை உண்டா என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அது நடந்து இந்த செப்டம்பரோடு பதினைந்து வருடம் ஆகிவிட்டது. கனடாவின் கிழக்குக் கோடியில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறேன். பிறந்தது திருவண்ணாமலை. தேரடிப் பக்கம் அப்பாவுக்கு மெத்தை, தலையணைக் கடை இருந்தது. வீட்டுக்குள் உருது, வாசலைத் தாண்டினால் தமிழ். பள்ளியில் டீச்சர்கள் "பாய் வீட்டுப் பொண்ணு, தமிழ் எவ்ளோ நல்லா பேசுது பாரு" என்று மற்ற பிள்ளைகளிடம் காட்டுவார்கள். வேறு எந்த மொழியில் நான் அவர்களோடு பேசியிருக்க முடியும் என்று தெரியவில்லை. இப்போது ஹாலிஃபாக்ஸ் பேருந்தில் பக்கத்து இருக்கைக் கிழவர், "உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே" என்கிறார். இரண்டுமே பாராட்டுதான். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

2

என் மகள் சமீராவுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். உருதில் அவளுக்கு இரண்டு மூன்று திட்டுகளும் ஒரு பிரார்த்தனையும் தெரியும். அவளுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும் என்பதை ஐந்தாம் வகுப்பில் கண்டுபிடித்தார்கள். சோதனைக்குக் காத்திருந்தது ஒரு வருடம். அதன் பிறகு பள்ளியில் ஒரு கூட்டம், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு கூட்டம், குடும்ப மருத்துவரிடம் ஒரு கையெழுத்து. கையெழுத்து வந்தபோது முதல் கூட்டத்துக்கு வந்திருந்தவர் வேலை மாறிப் போயிருந்தார். எப்படியோ தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. சமீரா அதை யாரிடமும் மறைப்பதில்லை. கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்வது போலச் சொல்வாள்.

நான் மட்டும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி போனில் "சமீரா எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டால், "நல்லா படிக்கிறா" என்பேன். அதுவும் உண்மைதானே என்று இருந்துவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு அடிக்கடி பயிற்சி வைப்பார்கள். எந்தப் பிள்ளையும் வெளியே நிற்காதபடி வகுப்பை எப்படி நடத்துவது என்பதுதான் பொருள். அப்படிக் கற்றதில் ஒன்று, வட்டமாக உட்கார வைப்பது. தெற்கு சூடானிலிருந்து வந்த டெங் என்ற மாணவர், என்னைவிட நான்கைந்து வயதுதான் சிறியவர், இரவு முழுக்கக் கிடங்கில் வேலை செய்துவிட்டு வருவார். கடைசி வரிசையில் ஒரு பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை. தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம். வட்டம் போட்ட அன்று பேசினார். அவருக்கு ஒரு காது கேட்காது. எல்லாருடைய உதடுகளும் தெரிந்தால் பேச்சைப் பிடித்துக்கொள்வார். அன்றிலிருந்து எனக்கு வட்டத்தின்மேல் அபார நம்பிக்கை.

அந்த நம்பிக்கையோடுதான் போன ஜூனில் ஊருக்குப் போனேன்.

3

செல்வி என்னோடு வேலூரில் ஒரே பெஞ்சில் படித்தவள். போளூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இப்போது திருவண்ணாமலையில் ஒரு கலைக் கல்லூரியில் துறைத் தலைவி. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். நான் வந்து இறங்கிய மறுநாளே கூப்பிட்டாள்.

"புள்ளியியல் எடுத்துக்கிட்டு இருந்தவரு வேலைய விட்டுட்டாருடி. புதுசா ஆள் வர்ற வரைக்கும் நீ எடு. ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க. சும்மா வீட்ல உக்காந்து அண்ணி சமையல சாப்ட்டுக்கிட்டு இருக்கப் போற. வா."

போனேன். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், நடுவில் ஒரு பாதை. பெஞ்சுகளை நகர்த்தி வட்டமாகப் போடச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இழுத்துப் போட்டார்கள். செல்வி வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரு, ஊரு, உங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம். அவ்வளவுதான்" என்றேன்.

செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலை என்று வந்தது. பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "தேன்மொழி. அடி அண்ணாமலை" என்றாள். பிடித்த விஷயத்தைச் சொல்வதற்குள் எதிரே இருந்த பையன், "அடி அண்ணாமலையில எங்க? எங்க அத்தை வீடும் அங்கதான்" என்றான். அவன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"உள்ளதான்" என்றாள் தேன்மொழி.

"உள்ளன்னா எங்க?"

"சரி, அடுத்தவங்க சொல்லுங்க" என்று செல்வி குறுக்கே புகுந்தாள்.

அறிமுகம் முடிந்ததும் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் படம் போட்டுப் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் நன்றாகத்தான் கேட்டார்கள். மறுநாள் தேன்மொழி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

4

ஆசிரியர் அறையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு செல்வி சொன்னாள்: "ஊரு சொன்னா தெரு கேப்பாங்க. தெரு தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சிடும். உனக்கு இது தெரியாதா?"

"தெரியும். அந்த நேரத்துல ஞாபகம் வரல."

"உனக்கு ஞாபகம் வராம இருக்கலாம். அந்தப் பொண்ணால அப்படி இருக்க முடியாது இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது. காலனிப் பிள்ளை என்பதை அந்தப் பெண் சொல்லிக்கொள்ள விரும்பினாளோ இல்லையோ, சொல்ல வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நான். ஹாலிஃபாக்ஸில் ஊர் கேட்பது ஒருவரை உள்ளே அழைக்கும் வழி. இங்கே அதே கேள்வி அளவுகோலை எடுத்து வைக்கிற மாதிரி.

செல்வி தேன்மொழியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். முதல் வருடம் மதிப்பெண் சுமார். ஒரு ஆசிரியர் அவளைப் பயந்த பெண் என்கிறார். இன்னொருவர் திமிர் பிடித்தவள் என்கிறார். இருவரும் சொல்லும் காரணம் ஒன்றுதான், முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாளாம்.

"அதைவிடப் பெரிய தலைவலி அட்டெண்டன்ஸ். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வரமாட்டா. அதுக்கு அடுத்த நாளும் வரமாட்டா. நடுவுல வேற லீவு. இந்த செமஸ்டர்லயும் கம்மியா இருந்தா எக்ஸாம் எழுத விடமாட்டாங்க. அப்புறம் எங்க திரும்பி வர்றது. நின்னுடுவா. நான் பார்த்திருக்கேன்."

தேன்மொழியின் பக்கத்தில் எப்போதும் உட்காரும் பர்வீன் என்ற பெண்ணைக் கூப்பிட்டு, நான் நேரில் போய்ப் பார்த்தால் அவள் சங்கடப்படுவாளா என்று கேட்கச் சொன்னேன். பர்வீன் வெளியே போய் போன் செய்துவிட்டு வந்தாள்.

"வரட்டும்னு சொல்றா மேம். ஆனா நாளைக்குப் பௌர்ணமி, கடையில இருப்பாளாம். மத்தியானம் வந்தா கூட்டம் இருக்காதாம்."

5

சமீராவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். அவளுக்கு வீட்டில் சலித்துப் போயிருந்தது. கிரிவலப் பாதையில் இன்னும் வெயில் இறங்கவில்லை. சாலையோரம் மேசை போடுகிறவர்களும் பந்தல் கட்டுகிறவர்களும்தான் இருந்தார்கள். தேன்மொழி ஒரு மேசைக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா அஞ்சலை, நன்னாரி சர்பத் பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். பாப்பா, சேர் எடுத்துப் போடு" என்றார் அஞ்சலை. நாங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் இரண்டு நாற்காலிகள் வந்தன. சர்பத்தும் வந்தது.

நான் நேராகவே ஆரம்பித்தேன். "அன்னிக்கு அந்தப் பையன் கேட்டது, அதுக்கு நான்தாம்மா காரணம். நான் அப்படி ஆரம்பிச்சிருக்கக் கூடாது."

தேன்மொழி கத்தியை வைத்துவிட்டு என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தாள். "அதுக்காகவா மேம் வந்தீங்க?"

"ஆமா."

"தெரு கேக்கறத நான் ஒன்னாவதுல இருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். புடிக்காது. புடிக்கலன்னு ஒவ்வொரு வாட்டியும் நின்னிருந்தா அஞ்சாவதுகூட தாண்டியிருக்க மாட்டேன்."

"அப்புறம் ஏம்மா வரல?"

ஒரு குடும்பம் வந்து தண்ணீர் பாட்டில் கேட்டது. கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"வட்டமா உக்கார வெச்சீங்க இல்ல மேம். பர்வீன் எதிர்ப் பக்கம் போயிட்டா."

எனக்குப் புரியவில்லை.

"போர்டுல இருக்கறத அவதான் எனக்கு மெதுவாப் படிச்சிச் சொல்லுவா. எனக்கு நேரா பார்த்தா நடுவுல மங்கலா இருக்கும். சைடுல பார்த்தாதான் கொஞ்சம் தெரியும். பன்னெண்டாவது படிக்கும்போது ஆரம்பிச்சிது. ஆஸ்பத்திரியில காட்டினோம். கண்ணாடி போட்டாலும் சரியாவாதுனு சொல்லிட்டாங்க. அன்னிக்கு செவுத்துல படம் போட்டீங்க. எனக்கு வெறும் வெளிச்சம்தான் தெரிஞ்சிது. தினமும் வட்டமா உக்காரணும்னா என்ன பண்றதுனு தெரியல."

அவள் என் தோளையோ ஜன்னலையோ பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பயம் என்று ஒரு ஆசிரியரும் திமிர் என்று இன்னொருவரும் படித்தது இதைத்தான். நானும் செல்வியும் சாதி என்று படித்தோம். அது இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதோடு இதுவும் இருந்தது.

"காலேஜ்ல ஏன் சொல்லல?"

"எனக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்குது மேம். ரெண்டாவது பேரு எதுக்குனுதான்."

அஞ்சலை பாட்டிலைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். "நான்தாங்க சொல்ல வேணாம்னு சொன்னேன். பொம்பளப் புள்ள. கண்ணு சரியில்லனு பேப்பர்ல எழுதிட்டா அழியாதுங்க. நாளைக்கு ஒருத்தரு பொண்ணு கேட்டு வரணும் இல்லீங்களா."

சமீரா சர்பத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் உடைந்த தமிழில், "எனக்கும் பேப்பர்ல எழுதி இருக்கு" என்றாள்.

அஞ்சலை அவளைப் பார்த்தார்.

"எனக்கு லெட்டர்ஸ் குதிக்கும். படிக்கறது ஸ்லோ. ஸ்கூல்ல எக்ஸாமுக்கு எக்ஸ்ட்ரா டைம் குடுப்பாங்க."

அஞ்சலை என் பக்கம் திரும்பினார். நிஜமா என்று கேட்பது போல. நான் தலையாட்டினேன். என் ஊர் மண்ணில் அதை நான் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. என் அண்ணிக்குத் தெரியாதது சர்பத் கடை அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எழுதினப்புறம் யாரும் ஒன்னும் சொல்லலியாம்மா?" என்று அவர் சமீராவிடம் கேட்டார்.

"சொன்னாங்க. அப்புறம் மறந்துட்டாங்க."

தேன்மொழி கேட்டாள்: "கேட்டு வாங்க வெக்கமா இல்லியா?"

சமீராவுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். 'எம்பாரஸ்ட்' என்றேன்.

"ஃபர்ஸ்ட்ல இருந்துச்சு. இப்ப இல்ல. வாங்கலன்னா ஃபெயில் ஆயிடுவேன். அது இன்னும் வெக்கம்."

கற்றுக்கொண்ட நிமிடத்திலேயே அந்தச் சொல்லை எடுத்துப் புழங்கிவிட்டாள். தேன்மொழி சிரித்துவிட்டாள். நாங்கள் கிளம்பும்போது அவள் மட்டும் ஆட்டோ வரை வந்தாள்.

"நாளான்னிக்கு வர்றேன் மேம். ஆனா என் கண்ணப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொல்றதா இருந்தா நான் சொல்லிக்கறேன்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

6

கொடுத்த பிறகுதான் அந்த வாக்கின் கஷ்டம் தெரிந்தது. அவளுக்கு மட்டும் தனியாக எதையும் செய்ய முடியாது. செய்தால் எல்லாருக்கும் சந்தேகம் வரும். ஆகவே எல்லாருக்கும் செய்தேன்.

வட்டத்தை விட்டுவிட்டேன். யார் யாரோடு வேண்டுமானாலும் உட்காரலாம் என்றேன். போர்டில் எழுதும் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே எழுதினேன். 'இதைப் பாருங்க', 'அங்கே இருக்கிற மாதிரி' என்று சொல்லும் பழக்கத்தை விடுவது எளிதாக இல்லை. கையை நீட்டிவிட்டு, பிறகு அது என்னவென்று சொல்லத் தொடங்குவேன். முந்தின நாளே பாடத்தைப் பெரிய எழுத்தில் படமாகவும் என் குரலாகவும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வரைபடங்களை அட்டையில் கயிறு ஒட்டிச் செய்யச் சொன்னேன். விரலால் தடவினால் மேடு எங்கே, சரிவு எங்கே என்று தெரிய வேண்டும். பையன்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு சராசரி எங்கே வரும் என்று பந்தயம் கட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து ஜவ்வாது மலைப் பையன் ஒருவன் வந்து, "மேம், நீங்க குரல் அனுப்பறீங்க இல்ல, அத பஸ்ல கேட்டுக்கிட்டே வர்றேன். இங்கிலீஷ்ல புக்கப் பார்த்தா பயமா இருக்கும். கேட்டா அவ்ளோ பயமா இல்ல" என்றான். அவனை நான் நினைக்கவே இல்லை.

அறிமுகத்தில் ஏற்பட்ட அனுபவத்தால், இனி எதையும் எழுந்து நின்று சொல்ல வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். வகுப்புக்கு வர எது இடைஞ்சலாக இருக்கிறது என்று பெயர் போடாமல் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னேன். பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருவதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் லேப் வைக்கிறார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது பௌர்ணமி. அன்றைக்குப் பூ விற்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பார்க்கிங்கில் நிற்கிறவர்கள், லாட்ஜில் அறை துடைக்கிறவர்கள் என்று வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இருந்தார்கள். ஊரே வேலை செய்யும் நாளில் கல்லூரி அவர்களை வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தது.

நானும் செல்வியும் முதல்வரிடம் போனோம். நல்ல மனிதர், ஆனால் விதிகளோடு வாழ்கிறவர்.

"பௌர்ணமிக்கு விட்டா அமாவாசைக்குக் கேப்பாங்கம்மா."

"லீவு கேக்கல சார்" என்றாள் செல்வி. "அன்னிக்கு டெஸ்ட் வைக்க வேணாம். விட்டுப்போன வகுப்புக்கு சனிக்கிழமை நான் எடுக்கறேன். வந்தவங்களுக்கு அட்டெண்டன்ஸ் போடுங்க."

"நீங்க எடுப்பீங்களா?"

"நான்தான் எடுப்பேன். இவ கனடா போயிடுவா."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அந்த யோசனை பத்து நாள் நீண்டது. பிறகு ஒரு பருவத்துக்குச் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கழிவறைக்குத் தண்ணீரும் வந்தது. அது யாரைக் கேட்டு வந்தது என்று எனக்குத் தெரியாது.

7

ஆடி பிறந்த பிறகு ஒரு மாலை தேன்மொழி ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். அம்மாவும் வந்திருந்தார், துவைத்து மடித்த நல்ல புடவையில்.

"செல்வி மேம்கிட்ட நானே சொல்லிட்டேன்" என்றாள் என்னிடம்.

செல்வியின் முகம் வாடியிருந்தது. அவர்கள் போன பிறகு சொன்னாள்: "ஒரு வருஷம் என் எதிர்லயே உக்காந்திருக்காடி. ஸ்காலர்ஷிப்புக்கு அவ பேர்ல ஒரு ஃபைல் இருக்கு. அட்டெண்டன்ஸ் கம்மினு ஒரு ஃபைல் இருக்கு. கண்ணுக்கு ஒரு ஃபைல் இருந்திருக்கணும். ஒவ்வொன்னையும் ஒவ்வொருத்தர் பார்ப்பாங்க. எல்லாம் ஒரே பொண்ணுனு யார் பார்க்கறது?"

எங்கள் கல்லூரிப் பயிற்சியில் இதற்கு நீளமான ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. ஆனால் செல்வி சொல்லி விளங்கிய அளவுக்கு எனக்கு அது அங்கே என்றும் விளங்கியதில்லை.

தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமானால் மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் பக்கம் அலைந்தோம். முதல் தடவை ஒரு ஆவணத்தின் நகல் குறைந்தது. அடுத்த முறை கண் மருத்துவரைப் பார்க்க நாள் கொடுத்தார்கள். கனடாவில் சமீராவுக்காக நான் அலைந்ததோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் அதிகமில்லை. சொல்லப்போனால் இங்கே கவுண்டரில் இருந்த பெண்மணி, "உக்காரும்மா, வெயில்ல நிக்காத" என்று ஒரு முறையாவது சொன்னார்.

மருத்துவர் வெகுநேரம் சோதித்தார். முடிந்து வெளியே வந்ததும் அஞ்சலை கேட்டார்: "அவ்வளவுதாங்களா?"

"அவ்வளவுதான். கார்டு வரும்."

பேருந்தில் திரும்பும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும், யாரிடமும் சொல்லாத மாதிரி, "பேப்பர்னு சொல்லிச் சொல்லி நாமதான் பயந்துட்டோம்" என்றார். தேன்மொழி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்று வீட்டில் அண்ணி தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார், சமீரா எப்படிப் படிக்கிறாள் என்று. இம்முறை முழுதாகச் சொன்னேன். எழுத்துகள் இடம் மாறுவது, சோதனை, கூடுதல் நேரம் எல்லாம். அண்ணி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நம்ம சின்னவனுக்கும் அப்படித்தான் எழுத்து தலைகீழா வருது. கவனமே இல்லனு தெனம் அடி வாங்கறான்."

"அடிக்காதீங்க அண்ணி."

"நீ முன்னாடியே சொல்லியிருந்தா அடிச்சிருப்போமா?"

தோசை கருகும் வாசனை வந்தது. அண்ணி திரும்பி அதை எடுத்துப் போட்டுவிட்டு, "அந்த டெஸ்ட்டு இங்க எங்க பண்றாங்கனு விசாரி" என்றார். விசாரித்தேன். போய் வந்திருக்கிறார்கள்.

8

ஆகஸ்ட் கடைசியில் திரும்பினோம். விமானத்தில் சமீரா, அடுத்த முறை தமிழ் எழுதக் கற்றுக்கொண்டு வரப்போவதாகச் சொன்னாள். நம் எழுத்துகள் வளைவாக இருப்பதால் அதிகம் குதிக்காதாம். இது எந்த அளவுக்கு உண்மை என்று எனக்குத் தெரியாது. 'அ' எழுதிப் பார்த்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

ஹாலிஃபாக்ஸில் வகுப்புகள் தொடங்கின. முதல் நாள் வழக்கமான வட்டத்தைப் போடவில்லை. எங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு வசதி என்று கேட்டேன், அவரவர் தேடிப்போய் உட்கார்ந்தார்கள். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. ஒரு பெண் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் அவளாகவே சொன்னாள்.

செல்வி சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறாள். போன் செய்தால் "உன்னால என் லீவு போச்சு" என்று திட்டுவாள். அதன் பிறகு அரைமணி நேரம் அந்த வகுப்பைப் பற்றியே பேசுவாள். புதிதாக வந்த ஆசிரியர் போர்டில் எழுதும்போது வாயால் சொல்வதில்லையாம். ஒரு நாள் பிள்ளைகளே, "சார், சொல்லிக்கிட்டே எழுதுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்காக அந்தப் பழக்கம் வந்தது என்று அப்போதும் அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தேன்மொழி தனக்கு விருப்பமானவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குத் துணிவில்லை. தெரு கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல்வர் அடுத்த பருவத்துக்கு என்ன முடிவெடுப்பாரோ தெரியாது. தேன்மொழியின் கண் இன்னும் மங்கக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் வருகைப் பதிவு தேறிவிட்டது. பருவத் தேர்வுக்கு நுழைவுச் சீட்டு வந்தது. கூடுதல் நேரத்துக்கு அனுமதியும் வந்தது.

நவம்பரில் ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தில் கைகள் விறைக்க நின்றுகொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. புள்ளியியல் தேர்வு முடிந்து கல்லூரி வாசலிலிருந்தே பேசியிருக்கிறாள். பின்னால் ஆட்டோ சத்தமும், பர்வீன் எதையோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

"மேம், நல்லா எழுதிருக்கேன். எல்லாரும் எழுந்து போனாங்க. எனக்கு இன்னும் டைம் இருந்துச்சி. அதுக்குள்ள நானும் முடிச்சிட்டேன். சார் வந்து, முடிச்சிட்டா குடுத்துட்டுக் கெளம்பலாமேனு கேட்டாரு. இல்ல சார், பெல் அடிக்கட்டும்னு சொன்னேன். என் டைம்தானே மேம். முழுசா உக்காந்துட்டுதான் வந்தேன்."